சின்ன வயல்ல சோயா மகசூல் ஏன் ஏற மாட்டேங்குது, எங்க கை வச்சா ஏறும்

சோயா பத்தி பேச்சு வந்தா ரெண்டு விஷயம் கண்டிப்பா காதுல விழும். ஒண்ணு, "அது பயறு வகைதானே, காத்துல இருக்குற தழைச்சத்த (நைட்ரஜன) அதுவே எடுத்துக்கும், உரம் எதுக்கு, விதைச்சு விட்டா வெளஞ்சுரும்". இன்னொண்ணு, "புது ரகம் வந்துருக்கு, மகசூல் ரெட்டிப்பு". மொதல் பேச்ச நம்புனவங்க ஒண்ணும் போடாம விட்டு ஹெக்டேருக்கு ஒரு டன்னோட நிக்கிறாங்க, ரெண்டாவத நம்புனவங்க விதைக்குக் காசக் கொட்டிட்டு அதே ஒரு டன்னுல வந்து நிக்கிறாங்க. ரெண்டு பேச்சுலயும் பாதி உண்மை இருக்கு, அந்தப் பாதி எதுன்னு பிரிச்சுப் பாக்காததாலதான் இவ்வளவு குழப்பம்.

இடைவெளி எவ்வளவு பெருசு

உலக சராசரி சோயா மகசூல் ஹெக்டேருக்கு 2.7 டன் பக்கம். அமெரிக்காவும் பிரேசிலும் சாதாரண வருஷத்துல 3 டன்னத் தாண்டிடுது. இந்தியாவுல சராசரி 1 டன்னச் சுத்தியே பல வருஷமா நிக்கிது, சகாராவுக்குத் தெற்க இருக்குற ஆப்பிரிக்க நாடுகள்ல சிறு விவசாயிங்க வயல்லயும் கிட்டத்தட்ட அதே கததான். ஹெக்டேர்னா ரெண்டரை ஏக்கர்னு வச்சுக்கங்க, அப்ப 1 டன்ங்கிறது ஏக்கருக்கு 400 கிலோ.

இந்த வித்தியாசத்த பேசும்போது "மகசூல் இடைவெளி"ன்னு ஒரு வார்த்தை வரும். அதுக்குள்ள மூணு அளவு இருக்கு:

1. உச்ச மகசூல். அந்த ஊர் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் அந்த ரகம், தண்ணி சத்து எதுலயும் குறை இல்லாம, பூச்சி நோய் தொடாம இருந்தா தரக்கூடியது.

2. மழை விடுற அளவு மகசூல். மத்தது எல்லாம் சரியா இருந்து, கிடைக்கிற மழைய மட்டும் வச்சு வரக்கூடியது. மானாவாரி விவசாயிக்கு இதுதான் நிஜமான உச்சவரம்பு.

3. கைக்கு வர்ற மகசூல்.

ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல உள்ளதுதான் விவசாயி கையில இருக்குற விஷயம். பாசன வசதியும் பெரிய மெஷினும் உள்ள நாட்டோட மானாவாரி வயல நேருக்கு நேர் வச்சு "இவங்களுக்கு விவசாயம் தெரியல"ன்னு பேசுறது அநியாயம். ஆனா மழை விடுற அளவே பல இடத்துல 2 டன், 2.5 டன் இருக்கும்போது 1 டன்ல நிக்கிறதுக்கு மழைய மட்டும் காரணம் சொல்லவும் முடியாது.

மகசூல் ஒரு பெருக்கல் கணக்கு

மத்த எல்லாத்துக்கும் முன்னாடி இத புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. சோயா மகசூல் நாலு எண்ணோட பெருக்கல்: ஒரு சதுர மீட்டர்ல எத்தன செடி, ஒரு செடியில எத்தன காய், ஒரு காய்ல எத்தன மணி, ஒரு மணி என்ன எடை.

நல்லா இருக்குற வயல்ல சதுர மீட்டருக்கு 35 செடி, செடிக்கு 30 காய், காய்க்கு சராசரியா 2.2 மணி, மணி 0.12 கிராம்னு வச்சுப் பெருக்குனா 277 கிராம் வருது, அதாவது ஹெக்டேருக்கு 2.77 டன். இப்ப ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சம் குறைங்க. 20 செடி, 20 காய், 2 மணி, 0.11 கிராம். பெருக்குனா 88 கிராம், ஹெக்டேருக்கு 880 கிலோ. தனித்தனியா பாத்தா எதுவும் பேரழிவு மாதிரி தெரியல, காய் கொஞ்சம் கம்மி, செடி கொஞ்சம் இடைவெளி விட்டு நிக்கிது, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும், ஆனா மூணுல ரெண்டு பங்கு போயிருச்சு.

சோயா ஓரளவு ஈடுகட்டிக்கிற செடிதான், செடி எண்ணிக்கை குறைஞ்சா பக்கக் கிளை விட்டு காய அதிகமாக்கும். ஆனா அதுக்கு சத்தும் தண்ணியும் வேணும். சத்தில்லாத மண்ணுல அந்த ஈடுகட்டல் நடக்காது, அதனாலதான் வளமான வயல்ல கொஞ்சம் இடைவெளி விழுந்தா தெரியாது, ஏழை மண்ணுல விழுந்தா அப்படியே மகசூல்ல தெரியும்.

விதை: நட்டம் இங்கயே ஆரம்பிக்குது

சோயா விதை ரொம்ப மென்மையான விதை. தோல் மெல்லிசு, உள்ள சுமார் 20 சதவீதம் எண்ணெய், 40 சதவீதம் புரதம். இந்த எண்ணெய் சூட்டுலயும் ஈரத்துலயும் சீக்கிரம் கெட்டுப் போகும். மேல இருந்து மூட்டையத் தொப்புன்னு போட்டாலே விதைக்குள்ள முளைக்குருத்து அடிபடும், வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும். கட்டைய வச்சு ஓங்கி அடிச்சுப் பிரிச்ச விதை, பத்து மூட்டை உயரத்துக்கு அடுக்கி வச்ச விதை, ஈரம் 12 சதவீதத்துக்கு மேல இருக்கும்போதே கட்டி வச்ச விதை, இதெல்லாம் அடுத்த பருவத்துக்குள்ள பாதி செத்துரும்.

சிறு விவசாயி பெரும்பாலும் சொந்த விதையத்தான் போடுறார், அதுல தப்பே கிடையாது. சோயா தன்மகரந்தச் சேர்க்கை பயிர், வீரிய ஒட்டு மாதிரி வருஷா வருஷம் வாங்கணும்னு இல்ல, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ புது விதை மாத்துனா போதும். விதைக்கிறதுக்கு முன்னாடி முளைப்புத்திறன் பாக்காம விடுறதுதான் தப்பு. அது காசு செலவே இல்லாத சோதனை: 100 விதைய எண்ணி ஈரச் சாக்குலயோ ஈர மணல்லயோ வச்சு, காயாம பாத்துக்கிட்டு, ஒரு வாரம் கழிச்சு நல்ல வேரும் குருத்தும் விட்டத மட்டும் எண்ணணும். கோணல் மாணலா முளைச்சத கணக்குல சேக்கக் கூடாது.

அந்த எண்ண வச்சு விதை அளவு போடுங்க. ஹெக்டேருக்கு 4 லட்சம் செடி வேணும், 100 விதை 13 கிராம்னா, எல்லாம் முளைக்கிற விதைக்கு 52 கிலோ. முளைப்பு 70 சதவீதம்னா 74 கிலோ. 50 சதவீதம்னா 104 கிலோ, அந்த நிலமையில அத விதையா போடாம தானியமா வித்துட்டு வேற விதை தேடுறது நல்லது, ஏன்னா முளைக்கிற பாதியும் தெம்பில்லாமத்தான் வரும்.

விதைக்கிற ஆழம் 3ல இருந்து 4 சென்டிமீட்டர். சோயா பருப்பு ரெண்டையும் மேல தூக்கிக்கிட்டுத்தான் மண்ண விட்டு வெளிய வரும், ஆழமா போனாலோ மழை அடிச்சு மேல்மண் ஓடு மாதிரி இறுகுனாலோ கழுத்து ஒடிஞ்சு போயிரும். மண்ணு நல்லா நனையாம முதல் தூறலுக்கே விதைச்சு, அப்புறம் பத்து நாள் காய்ஞ்சு, மறுபடி விதைக்கிற கொடுமைய எத்தனையோ பேர் வருஷா வருஷம் அனுபவிக்கிறாங்க. மொத்தமா 75ல இருந்து 100 மில்லிமீட்டர் மழை விழுந்து மண்ணு உள்ள வரைக்கும் நனைஞ்ச பிறகு விதைச்சா இந்த ஆபத்து பெரும்பாலும் குறையும்.

வேர் முடிச்சு: "உரமே வேணாம்"ங்கிற பேச்சோட அசல் அர்த்தம்

இதுதான் சோயாவோட மையம், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம்.

1 டன் சோயா விளைய செடி சுமார் 80 கிலோ தழைச்சத்த உள்ள இழுக்கணும். 2.5 டன்னுக்கு 200 கிலோ. இத முழுக்க யூரியாவா போடுறதா இருந்தா, யூரியாவுல தழைச்சத்து 46 சதவீதம், கணக்குப் போட்டா ஹெக்டேருக்கு 430 கிலோவுக்கு மேல, அதுவும் ஒரு துளி வீணாகாம இருந்தா. எந்த சிறு விவசாயியும் இதப் போட முடியாது, போடவும் வேணாம். காத்துல 78 சதவீதம் நைட்ரஜன், சோயா தன் தேவையில பாதிக்கு மேல அங்க இருந்து எடுத்துக்க முடியும். "முடியும்"ங்கிற வார்த்தைய கவனிங்க.

செடிக்குத் தனியா அந்த சக்தி கிடையாது. வேர்ல முடிச்சுக்குள்ள குடியிருக்குற பாக்டீரியாதான் அந்த வேலையப் பாக்குது, செடி அதுக்கு சர்க்கரை குடுக்கும், அது செடிக்கு தழைச்சத்து குடுக்கும். சோயாவுக்கு ஒத்துப்போற பாக்டீரியா பேரு பிராடிரைசோபியம். உளுந்துக்கோ தட்டைப்பயறுக்கோ முடிச்சு போடுற எல்லா பாக்டீரியாவும் சோயாவுக்கு நல்லா வேலை செய்யாது. சோயா கிழக்காசியாவுல பிறந்த பயிர், அதோட கூட்டாளி பாக்டீரியாவும் அந்த மண்ணுல இருந்தது. மத்த கண்டங்களுக்கு விதை போச்சு, பாக்டீரியா கூடப் போகல. அதனால இதுவரைக்கும் சோயா போடாத வயல்ல விதைய மட்டும் போட்டா, காத்து முழுக்க நைட்ரஜன் இருந்தும் செடி பசியில வெளுத்து நிக்கும்.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, பாக்டீரியாவ விதையில தடவி விதைக்கிறது, ரைசோபியம் விதை நேர்த்தி. பிரேசில் சோயா வல்லரசா ஆனதுக்குப் பின்னாடி இது இருக்கு. 1960கள்லயே யோஹானா டோபரெய்னர்ங்கிற மண் விஞ்ஞானி, சோயாவுக்கு தழைச்சத்து உரத்த நம்பாம பாக்டீரியாவ நம்பி ரகத்த உருவாக்கணும்னு விடாப்பிடியா நின்னாங்க. இன்னிக்கு அங்க பல கோடி டன் சோயா, தழைச்சத்து உரம் கிட்டத்தட்ட போடாமலே விளையுது. அதே வழியில பல வருஷம் உழைச்ச, பிரேசில் அரசோட வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராபாவோட விஞ்ஞானி மரியாஞ்செலா ஹுங்ரியாவுக்கு 2025ல உலக உணவுப் பரிசு குடுத்தாங்க. ஏற்கெனவே பாக்டீரியா இருக்குற பிரேசில் மண்ணுலயும் வருஷா வருஷம் தடவுனா சராசரியா 8 சதவீதம் கூடுதுன்னு அவங்க ஆய்வு காட்டுது. இதுவரைக்கும் சோயாவே பாக்காத வயல்ல இதவிட எவ்வளவோ பெரிய வித்தியாசம் தெரியும்.

ரெண்டாவது வழி, உள்ளூர் மண்ணுல இருக்குற பாக்டீரியாவோடயே சேர்ந்துக்கிற ரகங்கள உருவாக்குறது. நைஜீரியாவுல இபாதான் ஊர்ல இருக்குற வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1970கள் கடைசியில இந்த வேலைய ஆரம்பிச்சது, டிஜிஎக்ஸ்னு தொடங்குற ரகங்கள் அப்படி வந்ததுதான். பாக்டீரியா பாக்கெட் ஊருக்கு வந்து சேராத இடத்துல இது பெரிய உதவி. ஆனா உள்ளூர் பாக்டீரியா எல்லா இடத்துலயும் போதுமான அளவு இருக்காது, இருந்தாலும் சுறுசுறுப்பா இருக்காது, இந்த ரகங்களுக்கும் தடவி விதைச்சா பல வயல்ல மகசூல் கூடுது.

பாக்கெட் வாங்குனவங்கள்ல பல பேர் "பலன் இல்ல"ன்னு சொல்றதுக்குக் காரணம் பெரும்பாலும் கையாள்றதுல இருக்கு. அது உயிருள்ள பொருள், உரம் மாதிரி நினைக்கக் கூடாது.

1. தேதி முடிஞ்ச பாக்கெட்ட தொடாதீங்க. வாங்குனத நிழல்ல, குளிர்ச்சியான இடத்துல வைங்க. வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள ஒரு மதியம் கிடந்தாலே பெரும்பகுதி செத்துரும்.

2. சர்க்கரைக் கரைசல் மாதிரி ஒட்டுற திரவத்துல விதைய லேசா நனைச்சு, தூளத் தூவி மெதுவா புரட்டுங்க. ஊற வைக்கக் கூடாது, தோல் உரிஞ்சுரும். ஒரு விதை மேல லட்சக்கணக்குல பாக்டீரியா உயிரோட ஒட்டணும், அதனால பாக்கெட்டுல சொன்ன அளவக் குறைக்காதீங்க.

3. நிழல்ல உலத்தி அன்னிக்கே ஈர மண்ணுல விதைச்சு உடனே மூடிருங்க. காஞ்ச சூட்டு மண்ணுல போட்டா தடவுனது வீண்.

4. பூஞ்சணக்கொல்லி போடணும்னா அது முதல்ல, பாக்டீரியா கடைசியில, விதைக்கிறதுக்குச் சரியா முன்னாடி. செம்பு கலந்த மருந்தும் வேற சிலதும் பாக்டீரியாவக் கொன்னுடும். ரசாயன உரத்தோட விதையக் கலந்து போடுறதும் அதே கெடுதல்.

பலிச்சுதான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? பூக்கிற சமயத்துல வயல்ல நாலஞ்சு இடத்துல செடிய இழுத்துப் பிடுங்காம, மண்வெட்டியால மண்ணோட சேத்துத் தோண்டி எடுத்து, தண்ணியில அலசுங்க. மேல் வேர்ல திரட்சியா முடிச்சு இருக்கணும். நகத்தால கிள்ளிப் பாத்தா உள்ள ரோஸ் இல்லன்னா ரத்தச் சிவப்பா இருந்தா வேலை நடக்குது. வெள்ளையா இருந்தா இன்னும் தொடங்கல இல்லன்னா அது சோம்பேறி பாக்டீரியா, பச்சை, பழுப்புன்னா முடிஞ்சு போச்சு. அந்தச் சிவப்பு நம்ம ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் வகையச் சேந்ததுதான். நைட்ரஜனப் பிடிக்கிற நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, ஆனா பாக்டீரியா மூச்சு விட ஆக்சிஜன் வேணும், அந்தச் சிவப்புப் பொருள்தான் ஆக்சிஜன அளந்து அளந்து உள்ள விடுது. தண்ணி தேங்கி நிக்கிற வயல்ல சோயா சில நாள்லயே மஞ்சளாகுறது ஏன்னு இதுலயே பதில் இருக்கு, முடிச்சு மூச்சுத் திணறுது, அங்க யூரியாவத் தேடி ஓடுறதுக்கு முன்னாடி வடிகால் வெட்டணும்.

யூரியா பத்தி இன்னொண்ணும் சொல்லிடணும். ஆரம்பத்துல முடிச்சு உருவாகுற வரைக்கும் ஹெக்டேருக்கு 20 கிலோ தழைச்சத்து போட்டா பரவாயில்ல. அதுக்கு மேல அள்ளிப் போட்டா, சும்மா கிடைக்குதேன்னு செடி முடிச்சு போடுறதையே குறைச்சுக்கும். காசும் போச்சு, கூட்டாளியும் போச்சு.

மணிச்சத்து இல்லாத இடத்துல பாக்டீரியாவும் படுத்துரும்

"உரமே வேணாம்"ங்கிறதுல பொய்யான பாதி இங்க இருக்கு. தழைச்சத்து மட்டும்தான் காத்துல இருந்து வரும். மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாஷ்), கந்தகம், சுண்ணாம்பு எதுவும் காத்துல கிடையாது.

ஒரு நைட்ரஜன் மூலக்கூற உடைக்க குறைஞ்சது 16 ஏடிபி செலவாகுது. ஏடிபின்னா உயிரணுவோட கைச்செலவு காசு மாதிரி, அதச் செய்யவே பாஸ்பரஸ் வேணும். அதனால மணிச்சத்து குறைஞ்ச மண்ணுல முடிச்சு சிறுத்துப் போகும், எண்ணிக்கையும் குறையும், எவ்வளவு நல்ல பாக்டீரியா தடவுனாலும் பலன் அரைகுறைதான். வடக்கு நைஜீரியாவுல விவசாயிங்க சொந்த வயல்லயே, பயறு வகைப் பயிர் மூலமா காத்துத் தழைச்சத்தப் பிடிக்கிறத ஆப்பிரிக்காவுல பரப்புன என்டூஆப்பிரிக்கா திட்டம் பாத்ததுல, மணிச்சத்து உரம் மட்டும் போட்டதுக்கு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 450 கிலோ கூடுச்சு, பாக்டீரியா மட்டும் தடவுனதுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, ரெண்டும் சேத்ததுக்கு 800 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. ஒண்ண வாங்கக் காசு இருக்கு, ரெண்டுக்கும் இல்லன்னா, பாக்கெட்ல தொடங்குறது மலிவு. ஆனா மண்ணு மணிச்சத்துல வறண்டு கிடந்தா அது மட்டும் தூக்கி நிறுத்தாது.

1 டன் தானியம் வயல விட்டுப் போகும்போது சுமார் 12 கிலோ மணிச்சத்தும் 20 கிலோ சாம்பல் சத்தும் கூடவே போகுது. 2 டன் எடுத்தா 24 கிலோ மணிச்சத்து, அத மட்டும் ஈடுகட்டவே 16 சதவீத சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ வேணும். வருஷா வருஷம் எடுத்துக்கிட்டே இருந்து ஒண்ணும் திருப்பிக் குடுக்காத வயல் எத்தன வருஷம் தாங்கும்? டிஏபிக்கும் (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) சூப்பர் பாஸ்பேட்டுக்கும் நடுவுல தேர்ந்தெடுக்க வழி இருந்தா, சோயாவுக்கு நான் சூப்பர் பாஸ்பேட்டத்தான் சொல்லுவேன். அதுல மணிச்சத்தோட சேந்து 11 சதவீதம் பக்கம் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் வருது, எண்ணெயும் புரதமும் நிறைஞ்ச பயிருக்குக் கந்தகம் ரொம்ப வேணும், டிஏபில அது கிடையாது. போடும்போது வரிசைக்குப் பக்கத்துல, விதையத் தொடாம, கொஞ்சம் ஆழமா போட்டா கம்மி உரமே நிறைய வேலை செய்யும், வயல் பூரா விசிறுனா மண்ணுதான் பாதியப் பிடிச்சு வச்சுக்கும்.

அடுத்தது புளிப்பு. மண்ணோட புளிப்ப அளக்குற எண்ணுதான் பிஎச், எண் குறைய குறைய புளிப்பு ஏறும், சோயாவுக்கு அது 6ல இருந்து 6.8 வரைக்கும் சுகம். 5.5க்குக் கீழ போனா மூணு கெடுதல் ஒண்ணா வரும்: அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியக் கருக்கும், மணிச்சத்து மண்ணோட ஒட்டிக்கிட்டு வராது, நைட்ரஜனப் பிடிக்கிற நொதிக்குத் தேவையான மாலிப்டினமும் கிடைக்காது. அங்க சுண்ணாம்பு போடாம வேற எத போட்டாலும் வீண் செலவு. தொழு உரம் இருந்தா இதுல எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கைகுடுக்கும், கிடைக்கிற கொஞ்சத்த வயலோட மோசமான பகுதிக்கு முதல்ல போடலாம்.

ரகம்: செடி ராத்திரிய அளக்குது

புது ரகம் பேச்சுலயும் பாதி உண்மை இருக்குன்னு சொன்னேன் இல்லையா, அது இது. சோயா குறும்பகல் பயிர், ராத்திரி நீளத்த வச்சுத்தான் எப்பப் பூக்கணும்னு முடிவு பண்ணும். நீண்ட பகல் உள்ள நாட்டுல உருவாக்குன ரகத்த பூமத்திய ரேகைப் பக்கம் கொண்டு வந்தா, முழங்கால் உயரம்கூட வளராம பூத்துரும், காயும் மண்ணத் தொட்டுக்கிட்டு நாலஞ்சு பிடிக்கும். வெப்பமண்டலத்துல பிரேசில் சோயாவ நிலைநிறுத்துனது, குறும்பகல்லயும் கொஞ்ச நாள் தாமதிச்சுப் பூக்குற ரகங்கள உருவாக்குன பிறகுதான்.

அதனால "அதிக மகசூல் ரகம்"னு ஒண்ணு பொதுவா கிடையாது, உங்க அட்சரேகைக்கும் மழை நாளுக்கும் பொருந்துற ரகம்னுதான் உண்டு. மழை 90 நாள்ல நின்னுடுற இடத்துல 120 நாள் ரகம் போட்டா, காய் முத்துற நேரத்துல மண்ணு காஞ்சு கிடக்கும். நோய் தாங்குற குணம், காய் வெடிக்காத குணம் இந்த ரெண்டுக்காக ரகம் மாத்துறது நிச்சயம் காசுக்கு மதிப்பு. ஆனா முடிச்சு இல்லாத, மணிச்சத்து இல்லாத வயல்ல புது ரகமும் பழைய ரகமும் ஒரே மாதிரிதான் பட்டினி கிடக்கும்.

களையும் தண்ணியும்

முதல் ஆறு வாரம். இந்தக் காலத்துல சோயா மெதுவா வளரும், களை வேகமா வளரும், 15வது நாள்ல இருந்து 45வது நாள் வரைக்கும் களைய விட்டா பாதி மகசூல்கூடப் போயிரும். அதுக்கப்புறம் இலை மூடி நிழல் போட்டுருச்சுன்னா பயிரே களைய அடக்கிக்கும். வரிசை இடைவெளிய 30ல இருந்து 45 சென்டிமீட்டர்ல வச்சா சீக்கிரம் மூடும். சின்ன வயல்ல பிரச்சினை அறிவு இல்லாதது இல்ல, ஆள். மத்த பயிருக்கும் அதே வாரத்துலதான் களை எடுக்கணும், வீட்டுல இருக்குற ரெண்டு கை எங்கன்னு போகும், பல இடத்துல அந்தக் கை பெண்களோடது. வரிசையா விதைச்சு தள்ளுற களைக்கருவி ஓட்டுற மாதிரி வச்சாலே பல நாள் உழைப்பு மிச்சம், விசிறி விதைக்கிறத விடச் சொல்றதுக்கு எனக்குத் தெரிஞ்ச மிகப் பெரிய காரணம் இதுதான்.

தண்ணியில ஒரே ஒரு விஷயம் முக்கியம்: காய் பிடிக்கிறதுல இருந்து மணி நிறையிற வரைக்கும் உள்ள காலம். பூக்கும்போது கொஞ்சம் காஞ்சா சோயா தாங்கும், நிறைய பூ விடுற செடி, எப்படியும் நிறைய பூவ உதிர்க்கும், பின்னாடி பூத்து ஈடுகட்டும். மணி நிறையிற நேரத்துல காஞ்சா ஈடுகட்ட வழி இல்ல. ஒரே ஒரு தண்ணி விட வசதி இருந்தா அத இந்த நேரத்துக்கு வச்சுக்கங்க. கனமான கரிசல்ல மேட்டுப்பாத்தி போட்டு விதைச்சா அதிக மழையில வடியும், குறைஞ்ச மழையில சால்ல ஈரம் நிக்கும்.

பூச்சி, நோய், அறுவடை

இது தனியா எழுத வேண்டிய பெரிய விஷயம், மகசூல் கணக்குக்கு வேண்டியத மட்டும் சொல்றேன். இலையில ஓட்டை பாத்ததும் மருந்தடிக்க ஓட வேணாம். பூக்கிறதுக்கு முன்னாடி மூணுல ஒரு பங்கு இலை போனாலும் சோயா சமாளிச்சுரும், காய் பிடிச்ச பிறகு 15, 20 சதவீதம் போனாலே நட்டம். அவசரப்பட்டு அடிச்சா புழுவத் திங்கிற நல்ல பூச்சிதான் முதல்ல சாகும். காய்ல உறிஞ்சுற நாவாய்ப் பூச்சியும், மஞ்சள் தேமல் நோயப் பரப்புற வெள்ளை ஈயும் வேற மாதிரி, தேமல் வந்த செடிக்கு மருந்து கிடையாது, தாங்குற ரகம்தான் வழி.

சோயா துரு நோய அசால்ட்டா எடுத்துக்காதீங்க. இலைக்கு அடியில பழுப்புப் புள்ளியா ஆரம்பிக்கும், அந்தப் பூஞ்சணத்தோட வித்து காத்துல கண்டம் விட்டு கண்டம் போகும், 2001ல தென் அமெரிக்காவுல கண்டுபிடிச்சு சில வருஷத்துலயே பிரேசில் பூரா பரவிடுச்சு. அதனாலதான் அங்க வருஷத்துல குறிப்பிட்ட காலம் வயல்ல தானா முளைச்ச சோயா செடிகூட இருக்கக் கூடாதுன்னு சட்டம் வச்சிருக்காங்க. தனி விவசாயி மட்டும் செஞ்சு பலிக்காத விஷயம் இது, பக்கத்து வயலும் சேரணும்.

அறுவடையில சோயா காத்திருக்காது. இலை உதிர்ந்து 95 சதவீதம் காய் நிறம் மாறுனதும் எடுக்கணும். ஒரு வாரம் தள்ளுனா வெயில்ல காய் வெடிச்சு மணி தரையில கொட்டும், நாலு மாச உழைப்பு கடைசி அஞ்சு நாள்ல போறது நெஞ்சு வலிக்கிற விஷயம்.

சிபாரிசு எல்லா வயலுக்கும் ஒரே மாதிரி பலிக்காது

மேல சொன்ன நைஜீரிய வயல்கள்ல சராசரிக்குப் பின்னாடி இன்னொண்ணு இருந்தது. சில வயல்ல பாக்டீரியாவும் உரமும் சேந்து மகசூல அள்ளிக் குடுத்துச்சு, சில வயல்ல ஒண்ணுமே அசையல.  மண்ணு வேற, விதைச்ச நாள் வேற, களை எடுத்த நாள் வேற. சராசரி மகசூல் கூடுனத வச்சு எல்லாருக்கும் ஒரே பையில எல்லாத்தையும் குடுக்குற திட்டங்கள் பாதிப் பேர்கிட்ட தோக்குறது இதனாலதான். காசு குறைவா உள்ளவருக்கு சராசரியவிட "என் வயல்ல பலிக்காம போச்சுன்னா என்ன ஆகும்"ங்கிறதுதான் பெரிய கேள்வி, அவர் தயங்குறத அறியாமைன்னு சொல்றது தப்பு.

அதனால செலவு செய்யுற வரிசைய நான் இப்படி வைப்பேன்:

1. காசில்லாம செய்யுறது முதல்ல. முளைப்புச் சோதனை, ஈரம் பாத்து விதைப்பு, வரிசை விதைப்பு, காலத்துல களை, காலத்துல அறுவடை.

2. அப்புறம் பாக்டீரியா பாக்கெட், குறிப்பா சோயா புதுசா வர்ற வயல்ல.

3. மண் பரிசோதனை பாத்து, புளிப்பு இருந்தா சுண்ணாம்பு, அப்புறம் மணிச்சத்து.

4. ரகம் மாத்துறது, நோயோ காய் வெடிப்போ மழை நாளோ உதைக்கிற இடத்துல.

சோயா மண்ண வளமாக்கும்ங்கிறதையும் அளந்துதான் நம்பணும். பிடிச்ச தழைச்சத்துல பெரும்பகுதி மணிக்குள்ள போய் மூட்டையில ஏறிடுது. செடிய வேரோட பிடுங்கி களத்துக்குக் கொண்டு போய், சக்கையையும் அங்கயே விட்டா, வயலுக்கு மிச்சம் கிட்டத்தட்ட எதுவும் இல்ல, கடன்கூட விழலாம். அரிவாளால அறுத்து வேர அங்கயே விட்டு, சக்கைய வயலுக்குத் திருப்பிப் போட்டா அடுத்து வர்ற சோளத்துக்கோ மக்காச்சோளத்துக்கோ நல்லாவே தெரியும். சோளம் மாதிரி பயிரோட வேர்ல ஒட்டி உறிஞ்சுற சுடுமல்லிக் களை உள்ள இடத்துல இன்னொரு லாபமும் உண்டு, சோயா வேர் விடுற சாறு அந்தக் களை விதைகள முளைக்க வைக்கும், ஆனா சோயா மேல அதால ஒட்ட முடியாது, முளைச்சதும் பட்டினியில செத்துரும்.

அடுத்த பருவத்துல நாலு பட்டை

உங்க வயல்ல எது குறைன்னு கண்டுபிடிக்க உங்க வயலவிட நல்ல ஆய்வுக்கூடம் இல்ல. ஒரு சமமான பகுதியில, ஒரே ரகம், ஒரே நாள் விதைப்பு, பக்கத்துல பக்கத்துல நாலு பட்டை போடுங்க. முதல் பட்டையில ஒண்ணும் இல்ல. ரெண்டாவதுல மணிச்சத்து மட்டும். மூணாவதுல பாக்டீரியா மட்டும். நாலாவதுல ரெண்டும். பாக்டீரியா தடவாத பட்டைகள முதல்ல விதைச்சுருங்க, இல்லன்னா கையிலயே ஒட்டிக்கிட்டுப் போய் சோதனையக் கெடுத்துரும். பூக்கும்போது ஒவ்வொண்ணுலயும் அஞ்சு செடி தோண்டி முடிச்சப் பாத்து எழுதி வைங்க. அறுவடையில ஓர வரிசைய விட்டுட்டு நடுவுல ஒரே அளவு இடத்த அறுத்து, காய வச்சு, தனித்தனியா எடை போடுங்க. மூணாவது முதலாவதவிட ஏறியிருந்தா பாக்டீரியா குறை. ரெண்டாவது ஏறியிருந்தா மணிச்சத்து குறை. நாலும் ஒண்ணா இருந்தா புளிப்போ, சாம்பல் சத்தோ, தண்ணியோ, வேற எதுவோ தடுக்குது, அடுத்த காசு அதக் கண்டுபிடிக்க மண் பரிசோதனைக்குப் போகணும், இன்னொரு மூட்டை உரத்துக்கு இல்ல.